ஸ்டாஃப் ட்ரிப்புக்கு வராதவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். தவணை முடியப் போகிறது. ஸ்டாஃப் ரூமில் பேப்பர் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

எந்தப் பேப்பர் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே "வருடாந்த சுற்றுலா, நிலாவெளி, 2 நாட்கள்" என்று இருக்கும். கீழே எல்லோருடைய பெயரும். வருகிறவர் கையொப்பம் வைத்தால் போதும். வராதவருக்கு மட்டும் "காரணம்" என்று தனியாக ஒரு நிரல். அந்த நிரலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நாங்கள் என்று சொல்வது, கண்டிக்குப் பக்கத்தில் ஓர் இருமொழிப் பாடசாலையில், தமிழ்மொழிப் பிரிவில் படிப்பிக்கும் மூன்று முஸ்லிம் ஆசிரியைகளை. ஸ்டாஃபில் சிங்களவர் அதிகம், பிறகு தமிழர், பிறகு நாங்கள். நல்ல மனிதர்கள். நோன்பு காலத்தில் கேட்காமலேயே எங்கள் கடைசிப் பாடத்தை மாற்றித் தந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பாடசாலையின் பெயரைக் கொமன்டில் ஊகித்து எழுத வேண்டாம். இது ஒரு பாடசாலையின் கதையும் இல்லை, உங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அந்தப் பேப்பர் இருக்கிறது.

ட்ரிப் நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். அதிகாலை 3 மணிக்கு கேட்டடியில் பஸ். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று திருகோணமலைக்கு. விடிந்ததும் றபானும் பைலாவும். ஹபரணை தாண்டினால் பின் ஸீட்டில் போத்தல். "மிஸ்மார் முன்னுக்கு இருங்க, ஒண்டும் தெரியாது" என்பார்கள். இரவு கடற்கரையில் பார்பிகியூ. எங்களுக்கென்று ஒரு தட்டை மூடித் தனியாக வைத்திருப்பார்கள், அன்போடுதான். எந்தச் சட்டியில் வெந்தது என்று கேட்டால் அன்பையே குறை சொன்னதாகிவிடும். ஒரு வருடம் நாங்களும் போனோம். இரண்டு நாளும் சோறும் பருப்பும் சாப்பிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் "வயிறு சரியில்லை" என்று சிரித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு போகவில்லை. எங்களில் ஒருவருக்கு ஒன்றரை வயதுப் பிள்ளை. ஒருவருடைய கணவர் கட்டாரில், வீட்டில் மாமிக்குக் கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ். மற்றவருக்கு வெளியில் இரவு தங்க விருப்பமில்லை, அவ்வளவுதான். மூன்றும் மூன்று காரணம். ஆனால் அந்த நிரலில் எதை எழுதினாலும் ஒரே மாதிரித்தான் வாசிக்கிறார்கள்: "அவங்க முஸ்லிம்ஸ், வரமாட்டாங்க."

எங்களைவிட மோசமான நிலை ஒரு தமிழ் டீச்சருக்கு. புஸ்ஸல்லாவைப் பக்கமிருந்து வருகிறார். வீட்டுக் கடனும் தம்பியின் கெம்பஸ் செலவும் அவர் தலையில். 12,000 ரூபா கொடுத்து நிலாவெளிக்குப் போக அவரால் முடியாது, முடியாது என்று நிரலில் எழுதவும் முடியாது. போன வருடம் "காய்ச்சல்" என்று எழுதினார். ட்ரிப்புக்கு மூன்று கிழமை முன்னால்! எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

கொரியாவைப் பற்றி எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு எல்லாம் தெரியும், வீதிக்கு வீதி கொரியன் வகுப்பு. அங்கே இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, ஹ்வேஷிக். வேலை முடிந்ததும் மொத்த ஸ்டாஃபும் ஒன்றாகச் சாப்பிடப் போவது. உயர்தரப் பாடசாலைகளிலும் உண்டு. ஆங்கிலம் படிப்பிக்க அரசாங்கம் 1995 முதல் கூட்டிவரும் வெளிநாட்டு ஆசிரியர்களும் போக வேண்டும். பன்றி இறைச்சி அடுப்பில் பொரியும், சோஜு ஊற்றுவார்கள், பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டாம் சுற்று, பிறகு பாட்டு அறை. அதிபர் எழும்பாமல் மற்றவர் எழும்புவது கஷ்டம். வந்த புதிதில் அந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் தடுமாறுவார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும்: "பாவம், வெளிநாட்டுக்காரர், எங்கள் பழக்கம் தெரியாது." கிண்ணத்தில் கோலாவை ஊற்றிக்கொண்டாலும் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள்.

அந்த வாசல் எங்களுக்கு இல்லை. எங்கள் வாப்பாமாரின் வாப்பாமார் இந்த மலைகளிலேயே பிறந்து இங்கேயே அடக்கப்பட்டவர்கள். நாங்கள் மகாவலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள், பெரஹராவுக்கு ரோடு எப்போது மூடும் என்று கலண்டர் பார்க்காமல் சொல்வோம். எங்கள் பழக்கம் என்ன என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருடா வருடம் காரணம் எழுதச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

அந்தக் கொரியாவிலேயே இப்போது விஷயம் மாறிவிட்டது. 2019 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. விருப்பமில்லாதவரைக் குடிக்கவோ, அந்த விருந்துக்கு வரவோ வற்புறுத்துவதையும் துன்புறுத்தலுக்கு உதாரணமாகத் தொழில் அமைச்சின் கைநூல் சொல்கிறது. நாங்கள் சட்டம் கேட்கவில்லை. ஒரு நிரலை அழிக்கச் சொல்கிறோம்.

"ட்ரிப் போனாத்தான் மிஸ் ஒற்றுமை வரும்." இதைச் சொல்கிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறோம்.

2018 மார்ச். திகனையில் தொடங்கி கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்த நாட்கள். ஊரடங்கு. 6ஆம் திகதி அவசரகால நிலை, அடுத்த நாள் ஃபேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். சாதாரண கோல்தான். அந்தக் கிழமை எங்கள் மூவருக்கும் கோல் எடுத்து "வீட்டில அரிசி இருக்கா, பிள்ளைகள் எங்க" என்று கேட்ட சிங்கள டீச்சர், பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரு ட்ரிப்புக்கும் வந்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வாந்தி. பஸ்ஸில் எங்கள் கையைப் பிடித்து இழுத்து ஆடச் சொன்ன சிலர் அந்தக் கிழமை கோல் எடுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, பயமாக இருந்திருக்கும். ஆனால் பைலா ஆடியதால் அந்தப் பயம் போய்விடவில்லை.

அடுத்தது 2021. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி, சுபோதினி குழு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜூலை 12 முதல் நூறு நாட்களுக்கு மேல் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகி நின்றோம். சிங்கள, தமிழ், முஸ்லிம் என்று பிரிந்து நிற்கவில்லை. ஒருவருக்கு அழுத்தம் வந்தால் மற்றவர் பேசினோம். கொவிட் காலம், பஸ்ஸும் இல்லை ட்ரிப்பும் இல்லை. அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது?

இனிக் கசப்பான பகுதி. ட்ரிப் வெறும் ட்ரிப்பாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டோம். அடுத்த வருடம் 11ஆம் தரத்தை யார் எடுப்பது, நேரசூசியில் யாருக்கு ஓய்வுப் பாடம், எந்தப் பிரிவுக்கு யார் தலைவர், எல்லாம் நிலாவெளியில் கதிரையைப் போட்டுப் பேசி முடிகிறது. திங்கட்கிழமை கூட்டத்தில் கேட்டால் "அது ட்ரிப்பில கதைச்சதுதானே மிஸ்" என்று பதில். கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்காது. எங்களில் ஒருவர் ஆறு வருடம் சாதாரண தரத்துக்குப் படிப்பித்துவிட்டு இப்போது 6ஆம் தரத்தில் இருக்கிறார். பஸ் செலவோ, மாதா மாதம் எங்களிடமும் வாங்கும் நலன்புரிச் சங்கப் பணத்திலிருந்து போகிறது. அந்த 12,000 அதற்கு மேலே!

முஸ்லிம் பாடசாலை என்றால் இது நடக்காது என்று நினைக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கு வருவதற்கு முன் நாங்கள் படிப்பித்த முஸ்லிம் பாடசாலையில் ஸ்டாஃப் விருந்து என்றால் சஹன். ஒரு சஹனுக்கு ஆறு பேர், நடுவில் இறைச்சி. சைவம் சாப்பிடும் ஒரு தமிழ் டீச்சர் இருந்தார். அவருக்கு ஒரு பார்சல் வாங்கி மேசை மூலையில் வைத்தோம். "சும்மா வந்து இருங்களேன் டீச்சர், நாங்க எல்லாம் ஒண்டுதானே" என்று சொன்னவர்களும் நாங்கள்தான். மூடிவைத்த தட்டுக்கு முன்னால் இருக்கும்வரை அந்தப் பார்சலின் ஞாபகம் எங்களுக்கு வரவில்லை. அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்படியென்றால் எங்கும் போகவே வேண்டாமா? போகலாம். ஒரு வருடம் ஆசிரியர் தினத்தையொட்டி ஒரு பகல் மட்டும் பேராதனைப் பூங்காவுக்குப் போனோம். அவரவர் வீட்டிலிருந்து சாப்பாடு. கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையோடு வந்தார்கள். புஸ்ஸல்லாவை டீச்சர் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்தார், முதலில் முடிந்தது அதுதான். எங்கள் பாடசாலையில் பௌத்தம் படிப்பிக்கும் ஹாமுதுருவும் வந்தார். பகல் 12 மணிக்கு முன் அவருடைய தானம் முடிய வேண்டும் என்பதால் மொத்த நிகழ்ச்சியையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு எடுத்தோம். யாரும் அவரிடம் காரணம் எழுதித் தரச் சொல்லவில்லை. நிலாவெளிக்கு அவர் வருவதில்லை, அதற்கும் யாரும் கேட்பதில்லை. அதுதான் சரி. அந்த மரியாதையில் ஒரு பங்கை மற்றவர்களுக்கும் கொடுங்கள் என்கிறோம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு உளவியல் எடுத்த சேர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். விளையாட்டில் சேராமல் ஒரு பிள்ளை ஒதுங்கி நின்றால் உடனே பிள்ளையைப் பிடித்து ஏன் என்று கேட்காதீர்கள், முதலில் விளையாட்டை மாற்றிப் பாருங்கள் என்று. பிள்ளைகளிடம் அதைச் செய்கிறோம். எங்களுக்குள் செய்வதில்லை.

வருகிற திங்கட்கிழமை நலன்புரிச் சங்கக் கூட்டம். எழுத்தில் ஒரு பிரேரணை கொடுத்திருக்கிறோம். "காரணம்" நிரலை எடுத்துவிட வேண்டும். சங்கப் பணத்தில் ஒரு பகல் பயணம் மட்டும், இரவு தங்கும் பயணம் போகிறவர்கள் தங்கள் செலவில் போகட்டும், சந்தோஷமாகப் போய்வரட்டும். வகுப்பும் நேரசூசியும் கூட்டத்தில் மட்டும் பேசப்பட்டு, குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். வழிமொழிய ஒருவர் தேவைப்பட்டார். புஸ்ஸல்லாவை டீச்சர் பேப்பரை வாங்கி இரண்டு தரம் வாசித்தார், பிறகு பேனை கேட்டார்.