வழங்கிக்குத் துணை சேர்த்தல்

இணையத்தளங்களையும் மின்னஞ்சல்களையும் இரவு பகலாகக் காத்து, கேட்பவர்க்கு உடனே எடுத்தளிக்கும் கணினியை வழங்கி என்கின்றோம். சேர்வர் என்பதும் அதுவே. பிறருடைய தளங்களை ஏற்று நடத்துவோர் பெரும்பாலும் ஒரு வழங்கியுடனேயே தொழிலைத் தொடங்குவர். வேலை பெருகியதும் ஒன்று போதாது. பல வழங்கிகளையும் ஓரிடத்திலிருந்து ஆளுதற்குக் கட்டுப்பாட்டுப் பலகை என்னும் மென்பொருள் துணை செய்கின்றது. ஜேர்மனியிலே உருவாகி, இலவசமாய்க் கிடைக்கும் ஐ.எஸ்.பி.கொன்பிக் அவ்வகையினது. அதிலே புதிய வழங்கியைச் சேர்க்கும் முறையை நோக்குவோம்.

முதலாவது, பெயர். ஒவ்வொரு வழங்கிக்கும் முழுமையான பெயர் வேண்டும். முதன்மை வழங்கியும் துணை வழங்கியும் ஒன்றின் பெயரையும் முகவரியையும் மற்றொன்று அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, அனுமதி. முதன்மை வழங்கியின் தரவுத்தளத்தை அணுகப் புதியதற்கு உரிமை அளித்தல் வேண்டும். அவ்வாயிலை உலகத்தார் எல்லோர்க்கும் திறந்து விடலாகாது. தீச்சுவரிலே அந்த ஒரு முகவரிக்கு மட்டுமே வழி விடுக. மூன்றாவது, நிறுவுதல். விரிவான முறையைத் தெரிந்துகொண்டால், ஏற்கெனவேயுள்ள வழங்கிகளுடன் இதுவும் சேருமா என்ற வினா எழும். அதற்கு ஆம் என்று விடையளிக்க மறந்தால், புதியது தனித்தே நின்றுவிடும். இறுதியாக, அதற்குரிய பணி இணையத்தளமா, மின்னஞ்சலா, பெயர்ச் சேவையா என்பதைப் பலகையிலே குறித்தல் வேண்டும்.

இனி இவை இயங்கும் விதம். பலகையில் நாம் இடும் கட்டளை முதன்மைத் தரவுத்தளத்திலே பதிவாகின்றது. துணை வழங்கி நிமிடந்தோறும் அங்கு நோக்கி, தனக்குரிய கட்டளையை எடுத்துத் தானே நிறைவேற்றுகின்றது. ஆதலால் முதன்மை வழங்கி சிறிது நேரம் பழுதுற்றாலும், துணை வழங்கியிலுள்ள தளங்கள் நிற்பதில்லை. புதிய கட்டளைகளே தாமதமாகும்.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். வழங்கி கூடியதனாற் பாதுகாப்பும் தானே கூடிவிட்டதென்று எண்ணுதல் தவறு. பழைய தளங்கள் பழைய இடத்திலேயே இருக்கும். அவற்றின் பிரதி புதியதில் தானாக உண்டாகாது. காப்புப் பிரதியை வேறோரிடத்தில் எடுத்து வைப்பது தனி வேலை.

தளத்தின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் பெயர் வழங்கிகளை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வலையமைப்புகளில் வைத்தல் வேண்டுமென்று 1997ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தப்பட்டது. ஆயினும் 2001ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் பலருக்கு எட்டாமற் போயின. பெயர் வழங்கிகள் பல இருந்தும், அவை ஒரே வலையமைப்பில் இருந்தமையால், வழிப்படுத்தியின் அமைப்பில் நேர்ந்த ஒரு தவறு அனைத்தையும் முடக்கிவிட்டது.

ஆகவே, புதிய வழங்கியைச் சேர்க்குமுன் ஒரு தாளை எடுத்து, எது பழுதானால் எவை எவை நின்றுபோகும் என்று எழுதிப் பாருங்கள். துணை எங்கே வேண்டும் என்பது அப்பொழுது விளங்கும்.