வெள்ளத்துக்கு வரும் அழைப்பு சட்டத்துக்கு வருவதில்லை

'திடீர் வெள்ளம்' என்று வானொலியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழைப்புகள் நிற்காது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன், தண்ணீர் அஞ்சடியைத் தொட்டுவிட்டது என்பார். கிள்ளானில் ஓர் அக்கா சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டே பேசுவார். அதே நிகழ்ச்சியில் பருவநிலை மாற்றச் சட்ட மசோதா பற்றிப் பேசினேன். வந்தவை இரண்டே அழைப்புகள். ஒன்று, பாட்டு கேட்டு. இன்னொன்று, "சட்டம் வந்தா கரண்ட் பில் ஏறுமாம்மா?"

நல்ல கேள்வி. இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கார்பன் வரி என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எரிசக்தி என்றால் மின்சாரமும்தான். வரிப் பணம் எங்கே போகும், ஏழை வீட்டுக்கு என்ன கழிவு என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும். சிங்கப்பூர் 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கியது. 2024-இல் அது 25 வெள்ளி. கூடவே வீடுகளுக்கு மின்கட்டணக் கழிவும் கொடுக்கிறார்கள்.

வரிக்குப் பயந்து சும்மா இருந்தாலும் செலவு வரத்தான் செய்கிறது. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் படகுக்காகக் காத்திருந்த குடும்பங்களை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பருவத்தின் வெள்ள இழப்பு நாடு முழுக்க 610 கோடி ரிங்கிட் என்றது புள்ளிவிவரத் துறை. அதற்கு யாரும் மசோதா கொண்டுவரவில்லை. அவரவர் பாக்கெட்டிலிருந்து போனது.

சரி, சட்டம் எங்கே நிற்கிறது? 2024 இறுதியில் மக்கள் கருத்தைக் கேட்டார்கள். 2025-இல் தாக்கல் என்றார்கள். அமைச்சர் நிக் நஸ்மி கட்சித் தேர்தலில் உதவித் தலைவர் பதவியை இழந்து, அமைச்சர் பதவியிலிருந்தும் விலகினார். கட்சித் தேர்தலுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 2025 முடியும் வரை மசோதா மக்களவைக்கு வரவில்லை.

உண்மையான முடிச்சு வேறு. நாடாளுமன்றத்தில் இந்த மசோதாவை யாரும் வெளிப்படையாகத் திட்டுவதில்லை. ஆனால் நம் அரசமைப்பில் நிலமும் காடும் மாநிலங்களின் கையில். மரத்தில், நில மாற்றத்தில் மாநிலத்துக்கு வருமானம் இருக்கிறது. அதில் புத்ராஜெயா எளிதில் கை வைக்க முடியாது. சரவாக் 2023-இலேயே தனக்கென ஒரு சட்டம் நிறைவேற்றிக்கொண்டது. மற்ற மாநிலங்களிடம் 'வெட்டாதே' என்று சொன்னால், 'வெட்டாமல் இருப்பதற்கு என்ன தருவாய்?' என்ற கேள்வி வரும். அதுவும் நியாயமான கேள்விதான்.

மஸ்ஜித் இந்தியாவுக்குப் பக்கத்தில் கூடும் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் பிறப்பது சிலாங்கூர் மலைகளில். 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் தலைநகரின் மையத்தைக் காக்கும். மேலே மலைச்சரிவை மொட்டையடித்தால் அதைத் தடுக்க அந்தச் சுரங்கத்தால் முடியாது. அது மாநில அரசின் வேலை.

நிலம் யார் கையில் என்று நமக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. கோயில் நிலத்துக்கும் தமிழ்ப்பள்ளி நிலத்துக்கும் மாநில அலுவலகப் படிகளை எத்தனை முறை ஏறியிருக்கிறோம்! அடுத்த திருவிழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் மாலை வாங்க வரும்போது, அந்த மலைக்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். மேடையில் கேட்டால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அன்னதானப் பந்தியில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.