கப்பல் பதிவேட்டில் ஒரு பெயர்

1860ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கு ஒப்பந்தம் செய்துகொண்ட தொழிலாளர்கள் அதிலிருந்து இறங்கினர். 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையிலிருந்து கப்பலேறியோரே.

அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று முன்னோரைத் தேடும்போது துணைசெய்வது கப்பல் பதிவேடு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு. அம்மனிதரை நினைவில் வைப்பதற்காக இவை எழுதப்படவில்லை; தோட்ட முதலாளியும் அரசும் ஆளை அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்டன. ஆகவே, பதிவேடு கூறுவதை ஐயமின்றி ஏற்பது தகாது. ஆங்கில எழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு மறைந்தது. 'புதுப்பட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் புதுப்பட்டிக்குச் செல்வது? சாதியைக் கேட்டபோது பழைய அடையாளத்தை உதறிவிட எண்ணி வேறொன்றைக் கூறியவர்களும் இருந்திருக்கக்கூடும்.

ஊர்ப்பெயர் கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்வது, முன்னோரின் வாழ்வைக் கப்பலேறிய நாளோடு முடித்துவிடுவதாகும். அதன்பின் நிகழ்ந்தவற்றை அறிய, குடியேறியோர் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளைப் படித்தல் வேண்டும். கூலி தரப்படாதது, அடிபட்டது, உணவுப்பொருள் குறைக்கப்பட்டது எனத் தொழிலாளர் அளித்த முறையீடுகள் அவற்றில் உள்ளன. மொழிபெயர்ப்பாளரின் வாய்வழி வந்தவையாயினும், அம்மனிதர் எதனைப் பொறுக்க மறுத்தார் என்பதைத் தழும்புக் குறிப்பைவிட அவை தெளிவாக உணர்த்துகின்றன.

ஆவணங்களோடு ஊருக்கு வருவோர் ஒரு முரணையும் காண்பர். நிலமற்றவரின் பெயர் ஊரின் நிலவரிக் கணக்கில் இடம்பெறுவதில்லை. கடல் கடந்ததனால்தான் அவர் பெயர் ஏட்டில் ஏறியது. ஊரிலேயே தங்கிய உடன்பிறந்தாருக்கு அத்தகைய பதிவு கிடையாது. எனவே, இங்கே வாய்மொழி நினைவையே நாடவேண்டியுள்ளது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் கைகொடுக்கிறது. 'பெயரன்' என்னும் சொல்லும் அவ்வழக்கத்தையே சுட்டும். டர்பன் பதிவேட்டில் தந்தையின் பெயராகக் காணப்படுவது, ஊரில் தங்கிய தம்பியின் கால்வழியில் எவருக்கேனும் இன்றும் வழங்கிக்கொண்டிருக்கலாம்.