தட்டணு எண்ணிக்கை மட்டும் போதாது

மழைக்காலத்தில் டெங்கு தலைகாட்டினால் போதும், கோவையில் எல்லார் வாயிலும் தட்டணுக் கணக்குதான். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கினால் வீடே கலங்குகிறது. நிலவேம்புக் கசாயம் அடுப்பில் ஏறுகிறது. தட்டணு குறைந்தால் ஆபத்து என்று ஊருக்கே தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை தொல்லை தரும் என்பது பலருக்குத் தெரியாது. இதயச் செயலிழப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதயம் பலவீனமானால் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. அதை ஈடுகட்ட உடம்பு அட்ரினலினை ஓயாமல் சுரக்கிறது. தட்டணுக்களை அடக்கிவைக்க ரத்தக்குழாயின் உட்சுவர் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடும் குறைந்துபோகிறது. அதனால் காயமே இல்லாமல் தட்டணுக்கள் கிளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் சிலருக்கு இடது கீழறையின் சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்குவதில்லை. மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாத கிணற்றின் நிலைமைதான். அதற்குத்தான் மூன்று கம்பி பேஸ்மேக்கர். தோளுக்குக் கீழே தோலுக்கடியில் கருவியை வைத்து, ஒரு கம்பியை இதயத்தின் சொந்தச் சிரை வழியாகவே இடது கீழறையின் வெளிச்சுவர் வரை கொண்டுபோகிறார்கள். 2005இல் வெளியான கேர்-எச்எஃப் ஆய்வில் 813 நோயாளிகள் பங்கேற்றார்கள். மருந்தோடு இந்தக் கருவியும் பெற்றவர்களிடம் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைந்தது.

இந்தக் கருவியால் இதயம் தேறியவர்களிடம் தட்டணுக்களின் கிளர்ச்சியும் தணிவதைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தட்டணுவின் ஆயுள் 8 முதல் 10 நாள்தான். ஓட்டம் சீரான ரத்தத்துக்குள் புதிய தட்டணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால், கருவி வைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதயம் எதிர்பார்த்த அளவு தேறுவதில்லை.

என் கவலையெல்லாம் கருவி வைத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியப்பா ஒருவர் டாக்டரிடம் கேட்டார்: "பேட்டரிதான் வெச்சாச்சுங்களே, இனி எதுக்குங்க இந்த மாத்திரை?" கேட்டாரே, அதுவே நல்லது. கேட்காமலே நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்குத் தரும் வார்ஃபரின், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் குறைக்கிறது. இந்த இரண்டு வேலையையும் பேஸ்மேக்கர் செய்யாது.

கருவியைப் பரிசோதிக்கப் போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். எது தொடர வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.