டொங்... டொங்... டிக்கிக்குள்ள யாருங்க?

இந்த வாரம் ஒரு ஜேம்ஸ்பாண்ட் கார். 1995-ல வந்த ‘கோல்டன் ஐ’ படத்துல பியர்ஸ் பிராஸ்னன் ஓட்டிக்கிட்டு வருவாரே, நீல கலர் குட்டி ஸ்போர்ட்ஸ் கார், பி.எம்.டபிள்யூ. இஸட்3. படத்துல அது வர்றதே கொஞ்ச நேரம்தான். ஆனா விளம்பரம் பிச்சுக்கிட்டுப் போச்சு!

அமெரிக்காவுல தென் கரோலினா தொழிற்சாலையில 2002 வரை தயாரான வண்டி இது. இன்னிக்கு அங்கே செகண்ட் ஹேண்ட்ல நிறையக் கிடைக்குது. எம்.எஸ். படிக்கப் போன இடத்துல ‘பாண்ட் கார் மச்சி!’னு ஆசைப்படுற ஆளா நீங்க? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாட்டை நிறுத்திட்டு, பின்பக்கம் காதைக் கொடுங்க. ‘டொங்’னு கேட்குதா?

பதறாதீங்க. முதல்ல டிக்கியில இருக்கற ஜாக்கி, ஸ்பேனர் எல்லாத்தையும் இறக்கி வெச்சுட்டு ஓட்டிப் பாருங்க. பாதிப் பேய் அங்கேயே ஓடிடும். சத்தம் அப்பவும் இருந்தா, எங்கே கேட்குதுங்கறதைவிட எப்போ கேட்குதுங்கறதுதான் முக்கியம். ஸ்பீடு பிரேக்கர்லயும் பள்ளத்துலயும் மட்டும் கேட்டா ஷாக் அப்ஸார்பரோட மேல்பக்க மவுன்ட், ஸ்டெபிலைசர் பார் லிங்க்னு சின்ன சமாசாரமா இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திட்டுப் போயிட்டே இருக்கலாம்.

ரோடு சும்மா வழவழன்னு இருக்கும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஒரு ‘டொங்’, விட்டா ஒரு ‘டொங்’, கிளட்ச்சை விட்டுக் கிளம்பும்போது ஒரு ‘டொங்’னு கேட்டாதான் விவகாரம்.

நம்ம பழைய அம்பாசடர்ல டிஃபரன்ஷியல் பின் ஆக்ஸிலுக்குள்ளேயே இருக்கும். இஸட்3-ல அப்படி இல்லை. அது தனிப் பெட்டியா பாடிக்கு அடியில தொங்குது. அந்தப் பெட்டியோட பின்பக்க மூடியில ஒரே ஒரு காது. காதுக்குள்ள ஒரு ரப்பர் புஷ். அதை போல்ட் போட்டு டிக்கித் தரைத் தகட்டோட பிணைச்சிருக்காங்க. அந்தக் காதும் நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கு. பின்பக்க சஸ்பென்ஷன் அமைப்பே 1980-கள்ல வந்த பழைய 3 சீரிஸ்கிட்டே இருந்து கடன் வாங்கினது. பாண்ட் வண்டியில 4 சிலிண்டர், 1.9 லிட்டர் இன்ஜின், சுமார் 140 குதிரைசக்தி. சமாளிச்சுது. அப்புறம் அதே உடம்புல 6 சிலிண்டரை வெச்சு எம் ரோட்ஸ்டர்னு விட்டாங்க. 2001-ல அமெரிக்க மாடலுக்கு 315 குதிரைசக்தி! காது என்னவோ அதே ஒண்ணுதான். ஒவ்வொரு மிதிக்கும் டிஃபரன்ஷியல் முறுக்கி, தரைத் தகட்டைப் பிடிச்சு இழுக்கும். தகடுகளைச் சேர்த்துப் பிடிச்சிருக்கற ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சட்டைப் பட்டன் மாதிரி ஒவ்வொண்ணா தெறிக்க ஆரம்பிக்கும். நீங்க கேட்கற ‘டொங்’ அதுவா இருக்கலாம்.

‘புஷ் போயிடுச்சு சார், மாத்திட்டா சரியாயிடும்’னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. டிக்கி கார்ப்பெட்டைச் சுருட்டிட்டு, டார்ச் அடிச்சுப் பாருங்க. தகட்டு ஓரத்துல பெயின்ட் வெடிச்சிருக்கா, துரு கோடு ஓடுதா, தகடு தூக்கிக்கிட்டு நிக்குதா? அடுத்தது வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, டிஃபரன்ஷியலைக் கம்பியால நெம்பச் சொல்லுங்க. ரப்பர் மட்டும் ஆடினா புஷ்தான், பிழைச்சீங்க. மேலே இருக்கற தகடும் சேர்ந்து ஆடினா வெல்டிங் விட்டுப் போச்சுனு அர்த்தம். ரெண்டுமே ஆடாம சத்தம் மட்டும் வந்தா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டையும் அதோட ரப்பர் கப்ளிங்கையும் பார்க்கணும்.

வெல்டிங் விட்ட வண்டியில புது புஷ் போடறது, ஆடற பல்லுக்குத் தங்க முலாம் பூசற கதைதான் பாஸ்! சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், கிழிசல் பாட்டுக்கு வளரும். தெறிச்ச இடத்துல திரும்ப ஒரு பொட்டு வெச்சாலும் நிக்காது. கூடுதல் தகடு வெச்சு பலப்படுத்தி வெல்ட் பண்ணணும். ரெண்டு காது வெச்ச மூடிகூட தனியா விக்கறாங்க, எம் வண்டிக்கு அது நல்ல காப்பு. பெட்ரோல் டேங்க் பக்கத்துலேயே இருக்கறதால, விவரம் தெரிஞ்ச கடையிலதான் நெருப்புப் பொறி பறக்கணும்.

விக்கறவர் ‘கார்ப்பெட்டை எல்லாம் எதுக்குங்க தூக்கறீங்க?’னு முறைச்சாரா? சாவியை அவர் கையிலேயே கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க!