கண்டும் காணாத நகரங்கள்

துப்பறியும் நாவல் என்றவுடன் முகஞ்சுளிக்கும் விமர்சகர்கள் நம்மிடையே பலருளர். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டு மர்மக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிய காலந்தொட்டே இவ்வகை நூல்கள் 'பொழுதுபோக்கு' என்னும் முத்திரையைச் சுமந்து வருகின்றன. மாயக் கற்பனை கலந்த கதையென்றாலோ கேட்கவே வேண்டியதில்லை. வாழ்க்கையினின்றும் தப்பியோடுவோரின் புகலிடம் அது எனத் தீர்ப்புக் கூறிவிடுவர். அப்படியாயின், துப்பறிதலும் மாயக் கற்பனையும் ஒருங்கே சேர்ந்த ஒரு நாவலை இலக்கியத்தின் வாயிற்படியிலேயே தடுத்து நிறுத்திவிடலாமா? கூடாது என்பது என் கட்சி. அதற்குச் சான்றாக ஒரு நூலை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கில எழுத்தாளர் சைனா மியேவில் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த சிட்டி அண்ட் த சிட்டி' என்பதே அந்நூல். 'நகரமும் நகரமும்' என நாம் அதனை வழங்கலாம். ஐரோப்பாவின் விளிம்பில் எங்கோ இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட பெஷெல், உல் கோமா என்னும் இரண்டு நகரங்களே கதைக்களம். விந்தை யாதெனில், இரண்டும் ஒரே நிலப்பரப்பிலேயே அமைந்துள்ளன. ஒரே தெருவில் ஒரு வீடு இந்நகரத்துக்கும் அடுத்த வீடு அந்நகரத்துக்கும் உரியதாயிருக்கும். மொழி வேறு, உடை வேறு, சட்டம் வேறு. ஒரு நகரத்தார் மற்ற நகரத்தாரைக் காணலாகாது. அவர்தம் குரலைக் கேட்கலாகாது. குழந்தைப் பருவத்திலிருந்தே இவ்வொழுக்கம் கற்பிக்கப்படுகிறது. வெளிநாட்டார்க்கும் பயிற்சியளித்துப் பரீட்சித்த பின்னரே அனுமதி. பக்கத்து வீடு மற்ற நகரத்தைச் சேர்ந்ததாயின், அங்கே செல்ல நகரின் நடுவிலுள்ள எல்லை மண்டபத்துக்குச் சென்று, முறைப்படி எல்லை கடந்து, மீண்டும் அதே தெருவுக்கு வரவேண்டும். இவ்விதியைப் பிழைத்தாரைக் கவர்ந்து செல்ல 'மீறல்' என்னும் பெயருடைய மர்ம அதிகாரம் ஒன்று காத்திருக்கிறது.

இத்தகைய இடத்தில் ஓர் இளம்பெண்ணின் சடலம் கண்டெடுக்கப்படுகிறது. பெஷெல் நகரத்துப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் தியடோர் போர்லு விசாரணையைத் தொடங்குகிறார். இறந்தவள் உல் கோமாவில் தொல்பொருள் ஆராய்ச்சி செய்துவந்த அமெரிக்க மாணவி எனத் தெரியவருகிறது. கொலை ஒரு நகரத்தில், சடலம் மற்ற நகரத்தில். கொலையாளி யார் என்பதை இங்கு நான் கூறப்போவதில்லை. வாசகரின் சுவையைக் கெடுத்தல் முறையன்று.

துப்பறியும் இலக்கியத்தின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்ந்தால் இந்நூலின் அருமை விளங்கும். எட்கார் அலன் போ 1841இல் இவ்வகைக் கதைக்கு வித்திட்டார். பின்வந்த ஆங்கில ஆசிரியர் பலரின் கையில் அது செல்வர் மாளிகையில் விடுவிக்கப்படும் புதிராய்ச் சுருங்கியது. அதனைத் தெருவுக்குக் கொணர்ந்தவர்கள் அமெரிக்கரான டாஷியல் ஹமெட்டும் ரேமண்ட் சாண்ட்லரும் ஆவர். 1930இல் நூலாக வந்த 'த மால்டீஸ் பால்கன்', 1939இல் வந்த 'த பிக் ஸ்லீப்' ஆகியவற்றில் துப்பறிவாளன் சேரியிலும் மாளிகையிலும் ஒருங்கே நுழைகிறான். இரண்டையும் இணைக்கும் ஊழலைக் காண்கிறான். 'நுவார்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்பு என்பது பொருள். அப்பெயரால் இன்று வழங்கும் இருள் படிந்த இக்கதைகளின் நாயகனுக்கு, நகரத்தில் எவரும் காண விரும்பாததைக் காண்பதே தொழில்.

மியேவில் செய்த புதுமை இங்கேதான் இருக்கிறது. காண்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரைக் காணாதிருப்பதே குடிமகனின் கடமையென விதித்த நகரத்தில் அவர் நிறுத்தினார். சடலங் கிடந்த இடத்தருகே ஒரு முதியவள் நடந்து செல்வதைப் போர்லு காண்கிறார். அவள் மற்ற நகரத்தவள் என உணர்ந்ததும் பதறிப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். முதல் அத்தியாயத்தில் வரும் இச்சிறு நிகழ்ச்சியில் நாவல் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது என்பேன். உண்மையைத் தேடும் அறிவும் பார்வையைத் திருப்பும் பழக்கமும் ஒரே மனிதருள் போரிடுகின்றன. விசாரணை முன்னேற முன்னேற அப்போர் கடுமையாகிறது.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. மாயக் கதையெனப்படும் இந்நூலிற் பேயில்லை, மந்திரமில்லை. இரு நகரங்களையும் பிரித்து வைத்திருப்பது மக்களின் கண்களே. அஞ்சத்தக்க 'மீறல்' அதிகாரமும் தனித்து நின்று எல்லையைக் காப்பதில்லை. ஒவ்வொருவரும் நாள்தோறும் பார்வையைத் திருப்பிக்கொள்வதாலேயே எல்லை நிலைக்கிறது என்பதை நாவலின் இறுதிப் பகுதி உணர்த்துகிறது. 'கண்டும் காணாதவர்போல்' என்று தமிழில் நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். தெருவோரத்திற் படுத்துறங்குபவனைக் கடந்து அலுவலகஞ் செல்லும் எந்த நகரத்து மனிதனுக்கும் இவ்வித்தை புதிதன்று. அதனைச் சட்டமாக்கிக் காட்டியதே ஆசிரியரின் கற்பனை. யதார்த்தம் யதார்த்தம் என முழங்குவோர், யதார்த்தத்தைக் கூர்மையாகக் காட்ட இதனினும் நேரான வழியை எளிதிற் காண்பரோ என ஐயுறுகிறேன்.

இதனைப் பெர்லினுக்கோ ஜெரூசலேமுக்கோ எழுதிய உருவகக் கதையெனக் கொள்வாரும் உளர். அவ்வொப்புமையை நாவலின் மாந்தரே வெறுக்கின்றனர். ஒரே ஊரைக் குறித்ததென்று கொண்டால் மற்ற ஊரார் யாவரும் தப்பிவிடுவரன்றோ?

குறைகளும் இல்லாமலில்லை. இறுதியிற் சதியின் முடிச்சுகள் அவசரமாக அவிழ்கின்றன. கொலையுண்ட பெண்ணின் அறிவை நாம் அறிகிறோம். அவள் நெஞ்சை அறியோம். நுவார் கதைகளின் பழைய நோய் இது. மியேவிலும் அதற்கு மருந்து காணவில்லை. எனினும் 2010ஆம் ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க் பரிசும், உலக மாயக் கதைப் பரிசும், வேறொரு நாவலுடன் பகிர்ந்த ஹியூகோ பரிசும் இந்நூலுக்குக் கிடைத்தன. 2018இல் பி.பி.சி. நிறுவனம் இதனைத் தொலைக்காட்சித் தொடராக்கியது.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. மேசைக்கடியில் மர்ம நாவலை மறைத்துப் படிக்கும் மாணவனிடமிருந்து அதனைப் பறிக்குமுன், அது அவனுக்கு எதனைக் காட்டியது என்று ஒருமுறை கேளுங்கள். விடை சொல்ல அவனுக்கு ஏதேனும் இருக்குமாயின், அந்நூலை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.