ஜேர்மனியக் கலாநிதிப் பட்டமும் புத்தளக் கரையோர மாணவரும்

ஜேர்மனியில் உயர்கல்வி இலவசம் என்னும் கூற்று நம் பல்கலைக்கழக வட்டாரங்களில் வேதவாக்காகவே வழங்கி வருகின்றது. கற்பிட்டியிலோ உடப்பிலோ பிறந்து, கரைவலைத் தொழிலின் வருவாயிலும் உப்பளக் கூலியிலும் கற்றுத் தேறிய பட்டதாரி ஒருவருக்கு இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என வினவுவோர் அரியர்.

அங்குள்ள பொதுப் பல்கலைக்கழகங்கள் கலாநிதிப் பட்ட ஆய்வாளரிடம் பொதுவாகக் கற்கைக் கட்டணம் அறவிடுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் வாயிலில் வேறொரு காவல் உண்டு. ஊதிய ஒப்பந்தமோ புலமைப்பரிசிலோ கிட்டாதவர், ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே வைப்பிலிட்டுக் காட்டுதல் வேண்டும். இன்றேல் நுழைவிசைவு பெறுதல் அரிது. 2021 ஆம் ஆண்டில் 10,332 யூரோவாக இருந்த அத்தொகை 2024 செப்டெம்பரில் 11,904 யூரோ ஆயிற்று. யூரோவில் நோக்குமிடத்து உயர்வு ஏறத்தாழ 15 வீதமே. ரூபாவில் நோக்கினாலோ, 2021 தொடக்கத்தில் ஏறக்குறைய 24 இலட்சமாக இருந்தது, 2022 இன் நாணய வீழ்ச்சியின் பின்னர், 2025 நடுப்பகுதியில் 40 இலட்சத்தைத் தாண்டிற்று. இத்தனைக்கும் மாதமொன்றுக்குக் கையில் வருவது 992 யூரோ. மியூனிக் போன்ற நகரத்தில் அதன் பெரும்பகுதியை அறை வாடகையே விழுங்கிவிடும்.

திறமையுள்ளோர் புலமைப்பரிசில் பெறட்டுமே என்பர் சிலர். நமது நாட்டின் பல்கலைக்கழக அனுமதி முறை இவ்வாதத்தை என்றோ நிராகரித்துவிட்டது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அப்பதினாறில் புத்தளமும் ஒன்று. பதினெட்டு, பத்தொன்பது வயதில் பின்தங்கியவர் என ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே மாணவர், இருபத்தைந்து வயதில் எம்மாயத்தால் கொழும்பு மாணவருக்கு நிகராகிவிட்டார்? கலாநிதிப் பட்ட நிலையில் அவருக்கெனத் தனி ஏற்பாடு யாதுமில்லை.

பணம் பெற்றுச் செல்வோரின் நிலையும் முற்றும் மெச்சத்தக்கதன்று. ஆய்வாளர் பலர்க்கு அரைப்பங்கு, அல்லது மூன்றில் இரு பங்கு ஊதியத்துக்கே ஒப்பந்தம் கிடைக்கும். உழைப்போ முழு நாளுக்குரியது. உதவித்தொகையில் வாழ்பவருக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் இல்லை. மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஜேர்மனியருக்கு ஒப்பந்தமும் தனக்கு உதவித்தொகையும் வழங்கியது என இத்தாலிய ஆய்வாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், பாரபட்சம் காட்டாமை அந்நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. 2015 இல் அந்நிறுவனமே உதவித்தொகை முறையைக் கைவிட்டு ஒப்பந்த முறைக்கு மாறிற்று. தற்காலிக ஒப்பந்தச் சட்டத்தை எதிர்த்து 2021 இல் 'நானே ஹன்னா' என ஜேர்மனிய ஆய்வாளர்களே குரலெழுப்பினர். செல்வ நாட்டினரே முறையிடும் இடத்துக்கு நாம் நம் மாணவரைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகின்றோம்.

இக்கரையோரம் ஆய்வுக்கு வறிய நிலமன்று. புத்தளக் களப்பின் கடற்புற்றரைகள், இறாற்பண்ணைகளுக்காக அழிந்த கண்டற்காடுகள், 1996 இல் அப்பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நோய், 2011 முதல் இயங்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எனப் பொருள்கள் பல. பம்பலைக் கண்டற்காடுகளைப் பெல்ஜிய அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர்; அவர்பால் நமக்குக் காழ்ப்பில்லை. அக்களப்பின் நீரோட்டத்தை இளமை முதலே அறிந்தவர் அவ்வாய்வில் படகோட்டியாக மட்டும் இருத்தல் தகுமோ என்பதே நம் கேள்வி.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு செய்யத்தக்கது உண்டு. புலமைப்பரிசிற் சான்று இருப்பின் முடக்கக் கணக்கு பொதுவாக வேண்டப்படுவதில்லை. ஆகவே பின்தங்கிய 16 மாவட்டப் பட்டதாரிகளுக்கென மாதாந்தக் கலாநிதிப் புலமைப்பரிசிலொன்றை அது நிறுவுமாயின், 40 இலட்சத்தை ஒரே நாளில் திரட்டும் இடர் நீங்கும். ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களோடு இணை மேற்பார்வை உடன்படிக்கை செய்து, களஆய்வு மாதங்களை இங்கேயே கழிக்க வழிசெய்தால் செலவு மேலும் குறையும். முதலாவது ஆண்டில் ஐவருக்கேனும் இதனை வழங்குமாறு நமது விரிவுரையாளர் சங்கங்கள் எழுத்துமூலம் கோருதல் வேண்டும்.